இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது: நான்கு காயிலையும் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: 2014 மாடல் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏ.சி. போட்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரை உதறுகிறது. மூன்றாம் கியரில் மேம்பாலம் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, அந்த நேரத்தில் செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பட்டறையில் நான்கு பிளக்கும் மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது, பிறகு மறுபடியும் அதே தொல்லை. ஸ்கேனரில் பி0302 என்று வருகிறது. இப்போது நான்கு காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுப்பது), நான்கு இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தூவுவது), பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்ற 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது தன் முறை வரும்போது எரியாமல் போகிறது என்று மட்டும்தான் பொருள். ஏன் அடிக்கிறது என்பது அந்த எண்ணில் இல்லை. மற்ற மூன்று சிலிண்டரும் ஒழுங்காக ஓடும்போது அவற்றின் காயிலையும் இன்ஜெக்டரையும் கழற்றிப் போட ஒரு காரணமும் கிடையாது. பம்ப் வீக்காக இருந்தால் நான்கு சிலிண்டருக்கும்தான் பெட்ரோல் குறையும், இரண்டாவது மட்டும் தனியாகப் பட்டினி கிடக்காது. உங்களிடம் சொன்ன பட்டியலில் பாதிக்கு மேல் இந்த ஒரு கோடே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது.

முதலில் ஓர் அவசரமான விஷயம். விளக்கு நிலையாக எரிவது வேறு, விட்டு விட்டு எரிவது வேறு. விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் சைலென்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்று கம்ப்யூட்டர் எச்சரிக்கிறது. அந்தப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொண்டால், காயில் செலவெல்லாம் சின்னதாகத் தெரியும் அளவுக்குப் பெரிய பில் வரும். அதனால் விளக்கு சிமிட்டும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், மெதுவாக ஓரம் கட்டுங்கள். பக்கத்துப் பட்டறைக்கு இரண்டு கிலோமீட்டர் உருட்டிப் போகலாம். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று நெடுஞ்சாலை ஏறக்கூடாது.

மிஸ் அடிப்பதைக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல் சக்கரம் இருக்கிறது. பல வண்டிகளில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58 பல்லும் ஒரு இடைவெளியும் இருக்கும். அதன் எதிரே உள்ள சென்சார் ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியும்போது கிராங்க் ஒரு துளி வேகம் எடுக்கும். எரியாவிட்டால் அந்த இடத்தில் தொய்யும். எந்தச் சிலிண்டரின் முறையில் தொய்ந்தது என்று பார்த்து கோட் போடுகிறது. அதற்குக் காயிலும் தெரியாது, வால்வும் தெரியாது, தொய்வு மட்டும்தான் தெரியும். 800 ஆர்.பி.எம். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும், அதாவது நொடிக்கு ஆறேழு முறை. ஒன்று மட்டும் எரியாவிட்டால் நொடிக்கு ஆறேழு முறை இன்ஜின் தடுக்கி விழுகிறது. சிக்னலில் உங்கள் கைக்குத் தெரியும் உதறல் அதுதான். 3,000 ஆர்.பி.எம்.மில் அது நொடிக்கு 25 ஆகிவிடும், அப்போது உதறலாகத் தெரியாது, இழுவை இல்லாதது போலத் தெரியும்.

வண்டியே தன் கோளாறைக் கண்காணித்துக் கோட் போடும் ஏற்பாடுதான் ஓ.பி.டி. இந்தியாவில் 2013 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. அதற்குப் பிறகு வந்த கார்களில் இந்த மிஸ் கண்காணிப்பு இருக்கும். கோட் பதிவாகும் நொடியில் என்ன ஆர்.பி.எம்., இன்ஜின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்பதும் சேர்ந்து பதிவாகும். ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று இருக்கும். கோடைப் பார்த்தவுடன் அழிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது, அழித்தால் இதுவும் போய்விடும். அழிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி துப்பு அதில்தான் இருக்கிறது.

எப்போது மிஸ் அடிக்கிறது என்ற கேள்வியை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்பேன். மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது அடித்தால் என் கை முதலில் பிளக்குக்கும் காயிலுக்கும்தான் போகும். காரணம் இருக்கிறது. லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் பெட்ரோலும் போய் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய இடத்தில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தள்ளும் கருவி. வழியில் எங்காவது எளிதான ஓட்டை கிடைத்தால் மின்சாரம் பிளக் முனையை விட்டுவிட்டு அந்த ஓட்டை வழியே எர்த்துக்குப் போய்விடும். ஐடிலிங்கில் மட்டும் அடித்து, ஓட்டத்தில் சரியாகிவிட்டால் கதை வேறு: காற்று லீக் அல்லது வால்வு. காலையில் முதல் இரண்டு நிமிடம் மட்டும் அடித்தால், இரவில் சிலிண்டருக்குள் கூலன்ட் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழையில் நனைந்தோ இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவியோ வந்த பிறகு அடித்தால் பிளக் குழிக்குள் தண்ணீர். பெட்ரோல் போட்டுவிட்டு பங்கைத் தாண்டியதும் எல்லாச் சிலிண்டரும் தாறுமாறாக அடித்தால், கோட் பி0300 என்று வந்தால், டேங்கைப் பாருங்கள்.

உங்கள் வண்டி ஐடிலிங், மேடு இரண்டிலும் அடிக்கிறது, ஆனால் விளக்கு சிமிட்டுவது மேட்டில். ஏ.சி. போட்டு நிற்பதும் இன்ஜினுக்கு லோடுதான். புது பிளக் போட்டதும் பத்து நாள் நன்றாக ஓடியது என்பது இன்னொரு பெரிய துப்பு. அதற்கு வருகிறேன்.

இப்போது காசு செலவில்லாத சோதனை. இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். கோடை அழித்துவிட்டு அதே மேம்பாலத்தில் ஒருமுறை ஏறுங்கள். பி0303 என்று வந்தால் காயில்தான் குற்றவாளி, அது எங்கே போனதோ அங்கே மிஸ்ஸும் போயிருக்கிறது. பி0302 என்றே நின்றால் பெரும்பாலும் காயில் நல்லது, இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட அதில் செலவழிக்க வேண்டாம். அடுத்து பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். காயில், பிளக் இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது நகர்ந்தது என்று தெரியாது.

இதில் இடறும் இடங்கள் சில இருக்கின்றன. முதல் சிலிண்டர் எது என்பதிலேயே தப்பு நடக்கும். பெரும்பாலான கார்களில் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். சில பிரெஞ்சு இன்ஜின்களில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். அங்கே இரண்டாவது என்று நினைத்து மூன்றாவதைக் கழற்றிக்கொண்டிருப்போம். இன்னொன்று, கன்வர்ட்டரைக் காப்பாற்ற, பல கம்ப்யூட்டர்கள் மிஸ் அடிக்கும் சிலிண்டருக்குப் பெட்ரோலையே நிறுத்திவிடும். அதனால் இடம் மாற்றியபின் சாவியை அணைத்து, கோடை அழித்து, புதிதாக ஸ்டார்ட் செய்துதான் பார்க்க வேண்டும். மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது காயிலைத் தூக்கிப் பார்க்கும் பழைய பழக்கம். வோல்டேஜ் போக வழியில்லாமல் காயிலுக்குள்ளேயே வெடித்து நல்ல காயிலும் கெடும், கையிலும் அடிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

கழற்றும் முறையும் முக்கியம். பத்து வருட வண்டியில் காயிலில் வயரைச் செருகும் கப்ளரின் பூட்டு வறண்டு போயிருக்கும், விரல் நகத்தால் நெம்பினால் ஒடிந்துவிடும். பூட்டை முதலில் அழுத்தி, கப்ளரைச் சற்று உள்ளே தள்ளி, பிறகு வெளியே இழுத்தால் பிழைக்கும். போல்ட்டைக் கழற்றியபின் காயிலை நேராக இழுக்காமல் இடமும் வலமும் திருகி, ஒட்டிய ரப்பர் பூட் விடுபட்ட பிறகு தூக்குங்கள். பிளக்கில் ஸ்பேனர் போடுவதற்கு முன் குழியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே கிடக்கும் மணல் நேரே சிலிண்டருக்குள் விழும். இன்ஜின் நன்றாக ஆறியபிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது திருகினால் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும்.

வெளியே எடுத்த பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். எல்லோரும் முனையைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் வெள்ளைப் பீங்கானைப் பார்ப்பேன். இரும்பு அறுகோணத்துக்கு மேலே பீங்கானைச் சுற்றி மங்கலான பழுப்பு வளையம் இருக்கலாம். அதைக் காட்டி கேஸ் லீக், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. அந்த வளையத்தில் ஒரு குறையும் இல்லை. உயர் வோல்டேஜைச் சுற்றி இருக்கும் எண்ணெய்த் துகள்கள் பீங்கானில் படிந்த கறை அது. நீங்கள் தேட வேண்டியது வளையத்தை அல்ல, கோட்டை. மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல ஒரு மெல்லிய கருப்புக் கோடு, சில நேரம் மின்னல் மாதிரி வளைந்து வளைந்து இறங்கும். துணியால் துடைத்தாலும் போகாது. அது மின்சாரம் பீங்கானுக்கு வெளியே ஊர்ந்து போன தடம், கார்பன் டிராக் என்பார்கள். அப்படி ஒரு கோடு இருந்தால் காயிலின் ரப்பர் பூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சுவரில் அதற்கு நேராக ஜோடிக் கோடு ஒன்று இருக்கும், அல்லது ஊசி முனை அளவு வெள்ளையாக வெந்த ஓட்டை இருக்கும்.

உங்கள் வண்டியில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். பிளக்கை மட்டும் மாற்றி, கோடு விழுந்த பழைய ரப்பர் பூட்டை அப்படியே செருகினால், புது பிளக் முதலில் சமாளிக்கும். அதன் முனை கூர்மையாக இருக்கும், இடைவெளி சரியாக இருக்கும், பொறி குறைந்த வோல்டேஜிலேயே தாண்டும். ஆனால் மேடு ஏறும் ஒவ்வொரு முறையும் பூட்டில் உள்ள கார்பன் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து புதுப் பீங்கானிலும் கோடு போட்டுவிடும். பத்து நாள் கணக்கு அதற்குப் பொருந்துகிறது. அப்படித்தான் என்றால் இரண்டாவது சிலிண்டருக்கு மட்டும் பிளக், பூட் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். சில காயில்களுக்கு ரப்பர் பூட் தனியாகக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் ஒரு காயில் வாங்க வேண்டியிருக்கும். பூட்டுக்குள் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவிப் போட்டால் அடுத்த முறை கழற்றுவதும் சுலபம்.

குழிக்குள் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வு கவர் கேஸ்கட்டோ பிளக் குழாய் சீலோ கசிந்து ஆயில் ஊறினால் ரப்பர் உப்பி வெடித்துவிடும். கசிவை நிறுத்தாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் அதே ஆயிலில் ஊறும்.

இனி பிளக் முனை. காய்ந்த கருமை பெட்ரோல் அதிகம் என்று சொல்லும். ஈரமாக, பிசுபிசுப்பாக, ஆயில் வாடையோடு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். மற்ற மூன்றும் பழுப்பாக இருக்கும்போது ஒன்று மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தால் எனக்குக் கவலை வரும், கூலன்ட் நீராவி அதைக் கழுவியிருக்கலாம். முனையின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை வைத்துப் பாருங்கள், புது பிளக்காக இருந்தாலும் பாருங்கள். பொதுவாக 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கான எண் மேனுவலில் இருக்கும். இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி போல மெல்லியது, அதில் ஊன்றி நெம்பினால் ஒடிந்துவிடும். கை தவறிக் கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும், அதுவும் மேடு ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும். போலி பிளக்குகளும் சந்தையில் நிறைய. கடை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் நான் வாங்க மாட்டேன்.

காயில், பிளக் இரண்டையும் இடம் மாற்றியும் மிஸ் இரண்டாவதிலேயே நின்றால் அடுத்தது இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். விசிறி, பெல்ட் பக்கம் சட்டை நுனி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கும் ஒரே மாதிரி டிக் டிக் என்று அடிக்க வேண்டும். ஒன்று ஊமையாக இருந்தாலோ, மந்தமாகக் கேட்டாலோ அங்கே நிற்க வேண்டும். மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். சாதாரண போர்ட் இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்டும். எண்ணைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பது முக்கியம்.

ரெசிஸ்டன்ஸ் சரி, ஆனால் டிக் இல்லை என்றால் வயரைப் பாருங்கள். நம் ஊரில் எலி கடித்த வயர் ஒரு சாதாரண நோய். இரவில் இன்ஜின் சூட்டுக்கு உள்ளே வந்து படுக்கும், இன்ஜெக்டர் வயரைக் கடித்துவிட்டுப் போகும். மேல் உறை மட்டும் போய் ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயர் மீட்டரில் நன்றாகத்தான் காட்டும், வண்டி குலுங்கும்போது விட்டுப்போகும். வயரிங் மேல் சுற்றிய டேப்பைக் கையால் தடவிப் பாருங்கள், கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும். அப்படி ஒரு இடம் கிடைத்தால் முறுக்கி டேப் சுற்றி விடக்கூடாது. சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும்.

இன்ஜெக்டர் டிக் அடித்தும் பெட்ரோல் சரியாகத் தூவாமல் ஒழுகலாம். அதைப் பெஞ்சில் வைத்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான்கையும் கழற்றி அல்ட்ராசோனிக் தொட்டியில் சுத்தம் செய்து, கண்ணாடிக் குழாயில் நான்கும் சமமாக ஊற்றுகிறதா என்று காட்டும் கடைகள் எல்லாப் பெரிய ஊர்களிலும் இருக்கின்றன. புதிது வாங்குவதற்கு முன் இதைச் செய்யலாம். ஆனால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலைக் கழற்றுவது வீட்டில் செய்யும் வேலை இல்லை. லைனில் 3, 4 பார் அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிறது, சூடான இன்ஜின் மேல் பீய்ச்சினால் தீதான்.

காற்று லீக்கைப் பற்றி. ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் என்று இரண்டு எண் இருக்கும். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதைக் காட்டும். பத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. ஐடிலிங்கில் 15, 20 என்று கூட்டிக்கொண்டிருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் இரண்டு மூன்றுக்கு இறங்கினால், எங்கோ கள்ளக் காற்று வருகிறது: வெடித்த ரப்பர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், பிரேக் பூஸ்டர் ஹோஸ். மாறாக ஐடிலிங்கில் சரியாக இருந்து மேடு ஏறும்போது மட்டும் கூடிக்கொண்டே போனால், அப்போதுதான் பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகப்பட வேண்டும். ஒன்று கவனத்தில் இருக்கட்டும்: ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் அதன் ஆக்சிஜன் அப்படியே சைலென்சருக்கு வரும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் சென்சார் கோட் வந்தவுடன் சென்சாரை மாற்றாதீர்கள், மிஸ்ஸை முதலில் சரி செய்யுங்கள். லீக்கைக் கண்டுபிடிக்க ஓடும் இன்ஜினில் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கிறது, நான் செய்வதில்லை. புகை விட்டுப் பார்க்கும் மெஷின் உள்ள பட்டறையில் பத்து நிமிட வேலை.

இவ்வளவும் சரியாக இருந்தால் மெக்கானிக்கலாகப் பார்க்க வேண்டியதுதான், அதாவது கம்ப்ரஷன், பிஸ்டன் ஏறும்போது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம். இதைப் பட்டறைகள் கடைசியில் வைக்கின்றன, அல்லது செய்வதே இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் கப்ளரையும் இன்ஜெக்டர் கப்ளரையும் பிடுங்கிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, கேஜை மாட்டி ஐந்தாறு சுற்று கிராங்க் செய்ய வேண்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை வரும். நான்குக்கும் இடையே பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒன்று குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவே கேஸ்கட் வெடித்திருக்கும். சிலிண்டருக்குள் காற்று ஏற்றிக் காது கொடுத்துக் கேட்டால் இன்னும் தெளிவாகும்: த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலென்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் ஊதினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

இந்தச் சோதனையை நான் விடாமல் சொல்வதற்கு ஒரு வண்டி காரணம். வாடகைக்கு ஓடும் கார், பெட்ரோலில் வாங்கி சி.என்.ஜி. போட்டது. ஹைவேயில் அருமையாக ஓடும், ஊருக்குள் வந்து நின்றால் மூன்றாவது சிலிண்டர் மிஸ். வேறு பட்டறையில் இரண்டு முறை பிளக், ஒரு காயில், ஒரு இன்ஜெக்டர் மாற்றியாகிவிட்டது. ஓட்டுநர் அந்த வண்டியின் வருமானத்தில்தான் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுபவர். காலையில் ஆறிய இன்ஜினில் கம்ப்ரஷன் எடுத்தேன், நான்கும் 170க்குப் பக்கத்தில். கேஜைத் துடைத்து வைத்துவிட்டு மறுபடி வயரைத் தேடி அரை நாளை வீணாக்கினேன். சாயங்காலம் அவர் ஒரு சவாரி போய்விட்டு சூடாக வந்தபோது மறுபடி எடுத்தேன். மூன்றாவது 105. டேப்பட் கவரைத் திறந்து ஃபீலர் கேஜைச் செருகினால் மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வில் 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை.

நடந்தது இது. பெட்ரோல் மாதிரி ஈரம் எதுவும் இல்லாத கேஸில் ஓடும்போது வால்வு சீட் சீக்கிரம் தேயும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் ஏறும், கேமுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள இடைவெளி சுருங்கும். ஆறிய நிலையில் தப்பிக்கும். சூட்டில் வால்வுத் தண்டு நீண்டதும் வால்வு முழுதாக உட்காராமல் மயிரிழை திறந்தே நிற்கும். வேகமாக ஓடும்போது கசிய நேரம் கிடைக்காது, ஐடிலிங்கில் கிடைக்கும். வால்வு விளிம்பு இன்னும் எரியவில்லை, அதனால் டேப்பட் செட்டிங்கோடு, அதாவது அந்த இடைவெளியைச் சரிசெய்வதோடு முடிந்தது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். டேப்பட் சத்தம் போடும் வண்டியைவிட, சத்தமே போடாமல் இடைவெளி சுருங்கிப்போன வண்டிதான் ஆபத்து. கேஸ் வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன தூரத்தில் டேப்பட் கிளியரன்ஸ் பார்த்தே ஆக வேண்டும். கேஸ் எரியப் பொறியும் பலமாக வேண்டும், பிளக்கும் காயிலும் அதில் சீக்கிரம் களைத்துப் போகும்.

பழைய வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரே காயில் பெட்டியிலிருந்து ஹெச்.டி. கேபிள் போகும் இன்ஜின்களில் 1ம் 4ம் ஒரு காயில், 2ம் 3ம் ஒரு காயில் என்று ஜோடியாக இருக்கும். 1, 4 இரண்டும் சேர்ந்து மிஸ் அடித்தால் பெட்டியில் அந்தப் பாதி போயிருக்கிறது. ஒன்று மட்டும் அடித்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். இருட்டில் பானட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினின் கேபிள்கள் மேல் பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தூவினால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெறிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கையை மட்டும் தள்ளி வையுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 விற்பனை தொடங்கியது, இப்போது பெட்ரோல் பங்குகளில் பெரும்பாலும் அதுதான். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். மழைக்காலத்தில் பெட்ரோல் போட்டவுடன் நான்கு சிலிண்டரும் தடுமாறினால் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள், அடியில் தனிப்படலம் தெரிந்தால் டேங்கை இறக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு சிலிண்டர் மிஸ் அடிப்பதற்கு இ20 மேல் பழி போட முடியாது, நான்கும் ஒரே டேங்கிலிருந்துதான் குடிக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பட்டறையில் போய், 2க்கும் 3க்கும் காயிலை இடம் மாற்றிப் போடுங்கள், ஒரு ரவுண்ட் ஓட்டிவிட்டு வருகிறேன், அந்த வேலைக்குக் கூலி தருகிறேன் என்று சொல்லுங்கள். கழற்றும்போது பக்கத்தில் நின்று இரண்டாவது பிளக்கின் பீங்கானையும் பூட்டின் உள்பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். கருப்புக் கோடு இருந்தால் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பூட்டும் (தனியாகக் கிடைக்காவிட்டால் காயிலும்) பிளக்கும் மாற்றுங்கள், மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு கோடை அழித்து இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 புதிதாக வந்தால் அதற்கு அடி பட்டிருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்கலாம். கருப்புக் கோடு இல்லை, காயிலை இடம் மாற்றியும் பி0302 அப்படியே நிற்கிறது என்றால் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் எடுக்கச் சொல்லி எண்களை எனக்கு எழுதுங்கள். ஆறியபோது ஒருமுறை, நன்றாக ஓட்டிச் சூடாக வந்ததும் ஒருமுறை, இரண்டும் வேண்டும்.